புதிதாக வந்தவர் வெளியே நிற்கக் கூடாது
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1823இலிருந்து கணக்குப் பார்த்தால், நாம் இந்த மலைக்கு வந்து 200 வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தை அலுவலகத்தில் நீட்டும்போது, நேற்று வந்தவர்கள் போலத்தான் நிற்கிறோம்.

1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. ஆகவே சிங்களத்தில் வந்த கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுவோம்.

ஒரு ஆசிரியராக இதையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கவென்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். அன்றைய பாடம் போய்விடுகிறது. அம்மாவின் வருத்தத்தை டாக்டரிடம் பிள்ளை வாயால் சொல்ல வைப்பதும் சரியில்லை. மொழி தெரிந்த ஆளை வைப்பது அலுவலகத்தின் பொறுப்பு.

இனி நம் பக்கம். நம் லயத்துக்கும் புதியவர்கள் வருகிறார்கள். கல்யாணம் முடித்து வரும் சிங்களப் பிள்ளை, வேறு தோட்டத்திலிருந்து குடிவரும் குடும்பம். கிளினிக் நாளைத் தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அங்கே நமக்கு நடப்பதுதான் இங்கே அவளுக்கு நடக்கிறது. நமக்குக் கேட்கும் நியாயத்தை அவளுக்கும் கொடுக்க வேண்டும்.

மூன்று வேலைகளை இன்றே முடிவு செய்வோம்.

ஒன்று: படிவங்கள் இரு மொழியிலும் வேண்டும், மக்கள் சந்திப்பு நாளில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று பிரதேச செயலாளருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம்.

இரண்டு: புதிய குடும்பம் வந்த முதல் வாரத்திலேயே மாதர் அணியில் ஒருவர் கூடப் போக வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் விலாசப் பதிவு, குடும்ப நல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணி, குழந்தைப் பதிவு, பாடசாலை அனுமதி, அஸ்வெசும விசாரணை. இவற்றில் ஒன்று தவறினாலும் பாதிக்கப்படுவது பிள்ளைதான்.

மூன்று: தோட்டத்து அறிவித்தல் எல்லாம் இரு மொழியிலும். சிங்களத்தில் எழுதித் தர நம்மிடமே இளைஞர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் புதிதாக வந்த குடும்பங்கள் எத்தனை, யாருடைய பதிவு முடிந்தது, யாருடையது நிற்கிறது என்று லயம் லயமாகக் கணக்குச் சொல்வோம். மாதர் அணித் தலைவி அந்தக் கொப்பியைத் திறக்கட்டும்.