கட்டியைக் காட்டும் ஒளி

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் பால்மரம் சீவிய தாய்மார்களுக்கு ஒன்று தெரியும். வாளியில் உள்ள பால் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான். நிறுக்கும் இடத்தில் ஒரு கருவியை அதில் மிதக்கவிட்டால், ரப்பர்ச் சத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதுபோல, கண்ணுக்குத் தெரியாத மார்பகப் புற்றுநோயைக் காட்டக்கூடிய ஓர் ஒளியைப் பற்றி இன்று பேசுவோம்.

இதற்கு வழி திறந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. இதை அவர் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்தார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார்.

1960-இல் லேசர் ஒளி வந்தது. அது ஒரே நிறமுடைய கூரிய ஒளி. அதைச் சதையின்மேல் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் அடையாளங்கள் தெரியும். நல்ல சதையில் அவற்றின் அளவு ஒருவிதம். புற்று பற்றிய சதையில் வேறுவிதம். கத்தி வைக்காமலே இதைக் கண்டுகொள்ள அறிஞர்கள் முயன்று வருகிறார்கள். ஆனால், ஒளி உடம்புக்குள் ஆழமாகச் செல்லாது. ஆகவே, இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கிறது. இன்று நமக்குக் கைகொடுப்பது மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே சோதனையே.

லேசர் வரட்டும் என்று நோய் காத்திருக்காது. நம் நாட்டில் 2012 முதல் 2016 வரை இந்நோய் கண்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது முற்றிய பிறகே தெரியவந்தது.

எங்கள் மாணவி ஒருத்தியின் தாயார், "வலிக்கவில்லையே டீச்சர்" என்று ஓராண்டு தள்ளிப்போட்டார். நாங்களும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டோம். மறு ஆண்டு அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தவர் அதன் பாட்டி.

தாய்மார்களே, தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே கிளினிக்குக்குப் போங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வீட்டு ஆண்களே, ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும். நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.