அட்டையில் ஒரு சிவப்புக் கட்டம்

இன்றைய எபிசோடுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வீட்டில் மாத்திரை போட்டு வைக்கிற டப்பா இருக்கும்ல, அதை எடுத்துட்டு வாங்க. பேசிக்கிட்டே பார்ப்போம்.

முதலில் என் கதை. எங்க ஊர் வீரவநல்லூர். திருநெல்வேலியில் இருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டில் இருக்கு. எங்க ஆச்சிக்குப் புற்றுநோய். எலும்புக்குப் பரவின பிறகு ராத்திரித் தூக்கமே போச்சு. "முதுகுல யாரோ ஆணி அடிக்காம்ல"ன்னு சொல்லுவா. டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் சென்னையில் இருந்து லீவு போட்டு வந்து, அந்தச் சீட்டோட டவுனில் ஆறேழு மெடிக்கல் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சீட்டை வாங்கவே இல்ல. என் மூஞ்சியையும் தாடியையும் பார்த்துட்டு, "அதெல்லாம் இங்க கெடையாது தம்பி, போங்க"ன்னுட்டாங்க.

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் அந்தக் கடைக்காரர் ஏன் பயந்தார்னு படிச்சுப் பார்த்தேன்.

இப்ப உங்க டப்பாவுக்கு வருவோம். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இருக்கும். அமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸ் சளிக்கு உதவாது. அப்பா அம்மா யாருக்காவது அல்பிரசோலம், டயசிபாம் எழுதியிருந்தால், அது மூளையின் பதற்றத்தைத் தணிக்கிற வகை. கோடீன், டிரமடால், மார்ஃபின் இதெல்லாம் ஓபியாய்டு. நரம்பு வழியா மூளைக்குப் போற வலிச் செய்தியை அமுக்கும். அளவு மீறினால் மூச்சையும் சேர்த்து அமுக்கும். அதனால்தான் இவ்வளவு காவல்.

அந்தக் காவலை அட்டையிலேயே பார்க்கலாம். 'ஆர்எக்ஸ்' என்று இருந்தால் அட்டவணை எச்: டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருந்தால் எச்1. இது 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கு. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாத்தையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்கணும். 'எக்ஸ்ஆர்எக்ஸ்' இருந்தால் அட்டவணை எக்ஸ். கெட்டமைன் இதில்தான் வருது. சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணு கடையிலேயே 2 வருஷம் இருக்கணும், மருந்தைப் பூட்டி வைக்கணும். 'என்ஆர்எக்ஸ்' என்றால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வர்ற மருந்து.

அந்தச் சட்டம் 1985 நவம்பர் 14-இல் அமலுக்கு வந்தது. வணிக அளவு என்று வகுத்ததைத் தாண்டிப் பிடிபட்டால் குறைந்தது 10 வருஷம் சிறை. கடத்தலைத் தடுக்கத்தான் கொண்டு வந்தாங்க. ஆனால் மார்ஃபின் வைத்திருக்க ஆஸ்பத்திரிகள் பல துறைகளில் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. எழுத்துப் பிழைக்குக்கூட வழக்கு வரும்னு பயம். விளைவு? 1985-இல் 573 கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாக இறங்கியது. இதில் வேடிக்கை என்னன்னா, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சட்டப்படி அபின் விளையுது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசே ஆலை நடத்துது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இதற்காகப் பல வருஷம் போராடினாங்க. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், கோடீன், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகள் 'அத்தியாவசியம்' என்று தனியாக வகுக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்திருக்கலாம். சட்டம் மாறிடுச்சு, பயம் முழுசா மாறலை. அதனாலதான் தெரு முனை மெடிக்கலில் அது கிடைக்காது. நான் தேடின இடமே தப்பு.

ஆனா முழுப் பழியையும் கடைக்காரர் மேல போட முடியாது. வலி நிவாரணப் பிரிவு இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் எங்க வீட்டில் மூணு நாள் பஞ்சாயத்து. "அதைக் கொடுத்தா அடிமையாயிருவா"ன்னு மாமா சொன்னார். நானும் வாயைத் திறக்கலை. அந்த மூணு ராத்திரியும் ஆச்சி கத்தினது அடுத்த தெருவுக்குக் கேட்டது.

கடைசியில் அந்த டாக்டரம்மாதான் மாமாவை உட்கார வைத்துப் பேசினாங்க. "போதைக்காக அளவில்லாமப் போடுறது வேற, வலிக்காக அளந்து கொடுக்கிறது வேற. கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து தர்றேன், நாங்க பார்த்துக்கிறோம்"னாங்க. மருந்து ஆரம்பிச்ச மறுநாள் காலையில் ஆச்சி எழுந்து உட்கார்ந்து, "ஏல, காப்பி போடச் சொல்லு"ன்னா. அதுக்கப்புறம் அஞ்சு வாரம் இருந்தா. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் போனா.

வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில் ஏத்திக்கிற பசங்களைப் பற்றி நம்ம ஊர்ச் செய்தியில் படிக்கிறோம். அது உண்மை, அதனால காவல் வேணும். ஆனா வீட்டில் யாராவது தாங்க முடியாத வலியில் இருந்தால், "வலி நிவாரணப் பிரிவு எங்க இருக்கு?"ன்னு டாக்டரிடம் முதல் நாளே கேளுங்க. மிச்சமான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீங்க. டப்பாவை மூடுறதுக்கு முன்னாடி சிவப்புக் கட்டம் இருக்கிற அட்டையைத் தனியா எடுத்து, குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்தில் வைங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.