கடலைக் கெடுத்தவரே கணக்கைத் தீர்க்கட்டும்!

(அடையாறு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதின. கசிந்த எரிபொருள் எண்ணெய் மெரினாவைத் தாண்டி நமது பெசன்ட் நகர் கரைவரை வந்தது. இளைஞர்கள் வாளியால் கசடை அள்ளினார்கள். மக்கள் மீன் வாங்க அஞ்சினார்கள்; மீனவர் பிழைப்பு படுத்தது.

அரசு தரும் நிவாரணம் மக்களின் வரிப்பணம். கெடுத்தவர் தருவதுதான் இழப்பீடு! மொத்த டன்னேஜ் 1000-ஐத் தாண்டிய கப்பல், எரிபொருள் கசிவுக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்கிறது சர்வதேச உடன்படிக்கை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணூர் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்ததைக் கண்டோம். கரையிலுள்ள ஆலைகளும் எண்ணெய் முனையங்களும் அதேபோல் முன்கூட்டியே பொறுப்பேற்க வேண்டும்.

வியாபாரிகளே! நம் வண்டி அடுத்தவர் சரக்கைக் கெடுத்தால் பணத்தை எண்ணி வைக்கிறோம். கப்பல் முதலாளிக்கு மட்டும் தனி நியாயமா? மீனவர் கேட்பது தர்மமல்ல, ஹக்கு. அதைப் பெற்றுத்தரக் குரல் கொடுப்போம்!