ஏலமும் காட்டு நிழலும்

கண்டி நகருக்கு வடகிழக்கே முகில் தவழும் நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தும்பறை மலை என்றும் வழங்குவர். அங்கே பெருமரங்களின் நிழலில் வளர்வது ஏலம். அதன் பூங்கொத்து செடியின் உச்சியில் தோன்றுவதன்று. அடித்தண்டிலிருந்து மண்ணையொட்டிப் படர்வது. காய் முற்றி வெடிக்குமுன் பறித்து உலர்த்துவர். இலங்கைக்கே உரிய காட்டேலமும் உண்டு. அதன் காய் சற்று நீண்டது.

பொங்கலுக்கும் பாயசத்துக்கும் மணமூட்டுவது ஏலம். வெற்றிலையோடு மெல்வோரும் உளர். குமட்டலுக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் சித்த வைத்தியரும் சிங்கள வைத்தியரும் ஒருங்கே நாடும் சரக்கு அது.

நேயர்களே, ஏலத்துக்கு நிழல் வேண்டுமாதலின் பெருமரங்களை வெட்டமாட்டார்கள். காட்டுக்குத் தீங்கில்லை என்றே தோன்றும். ஆனால் அடிக்காட்டைக் களையென்று அகற்றும்போது, நாளைய மரங்களாகும் இளங்கன்றுகளும் அல்லவா அழிகின்றன! காயை உலர்த்தும் விறகும் அக்காட்டிலிருந்தே வந்தது.

நக்கிள்ஸ் 2000 ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாயிற்று. 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. காடு காக்கப்பட வேண்டியதே. எனினும், தலைமுறையாக ஏலத்தை நம்பி வாழ்ந்த மலையடிக் கிராமத்தார்க்கு அது பெரிய இழப்பு. கைவிடப்பட்ட தோட்டங்களில் ஏலம் இன்றும் தானே தளிர்க்கின்றது.