மாத்திரைத் தூள் வெடிக்குமா?



காய்ச்சல் வந்தால் மாத்திரை போடுகிறோம். மாத்திரைக்குள் இருப்பது எல்லாமே மருந்து அல்ல. பல மாத்திரைகளில் மருந்து கொஞ்சம்தான் இருக்கும். அதை மட்டும் எடுத்தால் ஒரு சிட்டிகைகூடத் தேறாது. அதனால் வேறொரு வெள்ளைத் தூளைச் சேர்த்து, அழுத்தி, மாத்திரை செய்கிறார்கள். அப்படிச் சேர்க்கும் தூள்களில் ஒன்றுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர். சுருக்கமாக எம்.சி.சி. என்பார்கள்.

இந்தத் தூள் எதிலிருந்து வருகிறது? மரத்திலிருந்து. மரக்கூழை அமிலத்தில் வேகவைத்து, கழுவி, உலர்த்தித் தூளாக்குகிறார்கள். பார்க்க மைதா மாவு போல இருக்கும். வாசனை கிடையாது. ருசி கிடையாது. வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். இது விஷம் அல்ல.

விஷம் இல்லாத இந்தத் தூளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

2025ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. தெலங்கானா மாநிலம் சங்காரெட்டி மாவட்டத்தில் பாசமைலாரம் என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. ஐதராபாத்துக்குப் பக்கத்து இடம். அங்கே எம்.சி.சி. தூள் செய்யும் ஆலை ஒன்றில் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. கட்டடம் இடிந்து விழுந்தது. தீ பரவியது. 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். பலர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று தொலைவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சில உடல்களை அடையாளம் காண முடியவில்லை. உறவினர்களின் ரத்தத்தை எடுத்து, டி.என்.ஏ. சோதனை செய்துதான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. தூளை உலர்த்தும் எந்திரத்தில் வெடிப்பு தொடங்கியிருக்கலாம் என்று அப்போது செய்திகள் வந்தன.

அது பட்டாசு செய்யும் இடம் அல்ல. வெடிமருந்து அங்கே இல்லை. பிறகு எப்படி வெடித்தது?

மரத்தூள் அடுப்பு பலருக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக இடித்து நிரப்புவார்கள். பிறகு கட்டையை உருவிவிட்டுக் கீழே தீ வைப்பார்கள். அது மணிக்கணக்காக நின்று எரியும். ஏன் அவ்வளவு மெதுவாக எரிகிறது? உள்ளே இருக்கும் தூளுக்குக் காற்று கிடைப்பதில்லை. மேலே இருப்பது எரிந்த பிறகுதான் உள்ளே இருப்பதன் முறை வருகிறது.

அதே தூள் காற்றில் பறந்தால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது. ஒரு பொறி பட்டால் போதும். தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கண் இமைப்பதற்குள் எல்லாம் எரிந்துவிடும். மணிக்கணக்கில் வரவேண்டிய சூடு ஒரு நொடிக்குள் வருகிறது. சூட்டில் காற்று விரிகிறது. மூடிய அறையிலோ எந்திரத்திலோ விரிய இடம் ஏது? அது சுவரைப் பிளந்துகொண்டு வெளியேறும். இதைத் தூசி வெடிப்பு என்கிறார்கள். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இது புதிய சங்கதி அல்ல. 1785ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டின் டூரின் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கு இப்படி வெடித்தது. ஒரு பையன் மாவை வாரிக்கொண்டிருந்தான். பக்கத்தில் விளக்கு எரிந்தது. மாவு சரிந்து புழுதியாய்க் கிளம்பியது. அவ்வளவுதான்.

மைதா, சர்க்கரைத் தூள், பால் பவுடர், ஸ்டார்ச் எல்லாம் இப்படி வெடிக்கக்கூடியவை. மருந்துத் தூள்களிலும் பல இப்படித்தான். உப்பும் சுண்ணாம்புக்கல் தூளும் எரியாது. ஆகவே எந்த ஆலையில் வேலை செய்தாலும், “இந்தத் தூள் எரியுமா?” என்று முதலில் கேட்க வேண்டும். “இதைத் தின்றாலே ஒன்றும் ஆகாது” என்று சூப்பர்வைசர் பதில் சொன்னால், அது கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது.

வெடிப்பில் பெரிய சேதம் பெரும்பாலும் முதல் அடியில் வருவதில்லை. முதலில் எந்திரத்துக்குள் சிறியதாக ஒன்று வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் உத்தரத்தின் மேலும், குழாய்களின் மேலும், மின்விளக்கின் மேலும் மாதக்கணக்கில் படிந்த தூசி பொலபொலவென்று கொட்டும். கூடம் முழுவதும் புழுதி மேகம் எழும். பின்னாலேயே தீ வரும். இரண்டாவது வெடிப்புதான் கூரையைத் தூக்கும். அந்தத் தூசி முன்பே துடைக்கப்பட்டிருந்தால் அந்த இரண்டாவது வெடிப்பு நடக்காமலே போகலாம்.

எவ்வளவு தூசி இருந்தால் ஆபத்து? மூட்டை மூட்டையாக இருக்க வேண்டியதில்லை. தீக்குச்சியின் கனத்தில் பாதி அளவு தூசி பரவலாகப் படிந்திருந்தாலே ஆபத்துதான். கீழே இருக்கும் பெயிண்டின் நிறம் தெரியவில்லை என்றால் உடனே சுத்தம் செய்ய வேண்டும்.

ஆனால் எப்படிச் சுத்தம் செய்வது? இங்கேதான் தவறு நடக்கிறது. விளக்குமாற்றால் ஓங்கிப் பெருக்குகிறார்கள். இல்லாவிட்டால் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் இடம் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பத்து நிமிடமும் தூசி காற்றில் மிதக்கும். தரையில் கிடந்தபோது இருந்த ஆபத்தைவிட இது பெரிய ஆபத்து. ஈரத் துணியால் துடைக்கலாம். தூசியை உறிஞ்சும் எந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் எரியும் தூசிக்கென்று செய்த எந்திரமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு விற்கும் சாதாரண எந்திரத்தின் மோட்டாரிலிருந்தே பொறி வரலாம்.

பொறி என்றால் பீடியும் தீப்பெட்டியும் மட்டும் அல்ல. வெல்டிங் வேலையில் பொறி பறக்கும். எண்ணெய் காய்ந்துபோன பேரிங் சூடேறும். கண்ணுக்குத் தெரியாத பொறியும் உண்டு. பாலியஸ்டர் புடவையை அவிழ்க்கும்போது சடசடவென்று சத்தம் கேட்கிறது அல்லவா? அது மின்சாரம். பிளாஸ்டிக் பையிலிருந்து தூளைக் கொட்டும்போதும் அதே மின்சாரம் உண்டாகிறது. அது தரைக்கு இறங்க வழி வேண்டும். அதற்காகத்தான் டிரம்மில் எர்த் கம்பியை மாட்டுகிறார்கள். அதன் முனையில் ஒரு கவ்வி இருக்கும். அவசரத்தில் பலர் அதை மாட்டுவதில்லை. பெட்ரோல் போல ஆவியாகும் திரவம் உள்ள கலனில் தூளைக் கொட்டும்போது இந்தக் கவ்வி இல்லை என்றால் ஆபத்து பல மடங்கு.

உலர்த்தும் எந்திரம் சில சமயம் முன்கூட்டியே அடையாளம் காட்டும். வெள்ளைத் தூளில் பழுப்புக் கட்டிகள் வரும். கருகல் வாடை அடிக்கும். உள்ளே கங்கு கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. திறந்தால் காற்று உள்ளே போகும், தூளும் கிளம்பும். மணி அடித்து, பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, எல்லோரும் வெளியே போக வேண்டும். தூள் குவியலில் தீயைக் கண்டு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும் தப்பு. அந்த வேகத்திலேயே தூள் பறக்கும்.

முகமூடி மூச்சுக்கு நல்லது. வெடிப்பைத் தடுக்காது. மூச்சுக்கு அது மிகவும் தேவை. பென்சிலின் வகைத் தூளை நாள்தோறும் சுவாசிப்பவர்களில் சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகும். தோல் தடிக்கும், மூச்சு இரைக்கும். அப்படிப்பட்டவருக்குப் பின்னால் அந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் பென்சிலினைத் தனிக் கட்டடத்தில் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. வேலை உடுப்பை ஆலையிலேயே கழற்ற வேண்டும். அந்தத் தூசியோடு போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

டிரம்மின் சிட்டையில் படங்கள் இருக்கும். மண்டை ஓடு என்றால் கடும் விஷம். தீச்சுடர் என்றால் எளிதில் தீப்பற்றும். ஆனால் வெடிக்கும் தூசிக்கு என்று தனிப் படம் எதுவும் இல்லை. எம்.சி.சி. டிரம்மில் ஒரு படமும் இல்லாமலே இருக்கலாம். படம் இல்லை என்பதால் பயம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு தூளுக்கும் பாதுகாப்பு விவரத் தாள் ஒன்று உண்டு. தூசி வெடிக்குமா என்பதை அதில்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தொழிலாளியின் கவனத்தை மட்டும் பொறுத்ததா? இல்லை. தூள் கசியும் எந்திரத்தை ஓட்டச் சொல்லிவிட்டு, “ஜாக்கிரதையாக இரு” என்று சொல்வது நியாயம் ஆகாது. எரியும் தூசி சேராமலும் பொறி வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டத்தையும் வேறு சில சட்டங்களையும் சேர்த்து 2020இல் ஒரே தொகுப்பு ஆக்கினார்கள். அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையில் உள்ள ஆபத்தைப் பற்றி விவரம் கேட்பது தொழிலாளியின் உரிமை. காண்டிராக்டில் வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு. தனியாகக் கேட்கத் தயக்கம் இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வேலை செய்யும் இடத்தில் டிரம்மிலோ மூட்டையிலோ எழுதியிருப்பதை ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.