பாலாறு புகட்டும் பாடமும் இளைஞர் கடமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சவ்வாது மலையடிவாரத்தில், உத்தரகாவிரிக் கரையில் அமைந்த ஊர் ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமைதோறும் இங்கு ஆட்டுச்சந்தை கூடுகிறது. ஆட்டின் தோல் பதப்பட்டு, காலணியாகிக் கடல் கடக்கும் வட்டாரம் இது. இவ்வூரைத் தொட்டுச் செல்லும் உத்தரகாவிரி பாலாற்றில் கலக்கிறது. ஆகவே பாலாற்றுக்கு நேர்ந்தது ஒடுகத்தூருக்கு அயலார் கதை அன்று.

தூய ஆற்றலுக்கு மாறுவது பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நிலக்கரியை விட்டுக் கதிரவனுக்கும் காற்றுக்கும் மாற வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை குறைவு. அம்மாற்றம் நேர்மையாக நிகழ வேண்டும், அதற்கு உரிய பொருளும் கிடைக்க வேண்டும் என்னும் இரண்டிலேயே சிக்கல் நிற்கிறது. இவ்விரண்டும் தமிழுக்குப் புதியவை அல்ல. அறத்துப்பாலில் ‘நடுவு நிலைமை’ என ஓர் அதிகாரமும், பொருட்பாலில் ‘பொருள் செயல்வகை’ என ஓர் அதிகாரமும் வைத்தார் வள்ளுவர். ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவு பெறாது. அதனைப் பட்டறிவால் உணர்ந்த மண் பாலாற்றங்கரை.

எழுதப்படாத செலவு

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தொழில் இது. 1970களில் அரசு, அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் அளித்தது. குரோமிய முறை பெருகிற்று. தொழில் வளர்ந்தது, வேலை பெருகியது, அயல்நாட்டுச் செலாவணி குவிந்தது. மாற்றத்திற்கு எல்லாக் கணக்கும் போடப்பட்டது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவு மட்டும் அக்கணக்கில் ஏறவில்லை. எழுதப்படாத அச்செலவை உழவனின் கிணறு செலுத்தியது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28இல் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பு வழங்கிற்று. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசு செய்தவரே அதன் விலையைத் தரவேண்டும், தீங்கு நேருமுன் காக்க வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என நிலைநிறுத்திய தீர்ப்பு அது. இன்று சட்டக் கல்லூரிதோறும் மாணவர் பயிலும் அத்தீர்ப்பின் பெயரில் வேலூர் நிற்கிறது.

ஆயினும் நெறி கிடைத்த அளவுக்கு நிவாரணம் விரைந்து வரவில்லை. 2001இல் இழப்பீட்டு ஆணையம் 29,000க்கும் மேற்பட்டோருக்கு ரூ.26 கோடிக்கு மேல் வழங்குமாறு பணித்தது. முழுதும் சென்று சேராமையால் 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, அரசே முதலில் வழங்கிவிட்டு மாசு செய்தவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என ஆணையிட்டது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து 34 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை இன்று குழந்தை பெற்றிருக்கும். மாற்றம் தொடங்கும் நாளிலேயே செலவை யார் ஏற்பது எனக் கேட்காவிட்டால், பின்னர்க் கேட்க ஒரு தலைமுறை போதாது என்பதே பாலாறு புகட்டும் பாடம்.

நீரிலிருந்து வானுக்கு

அப்பாடம் மின்சாரத்திற்கும் பொருந்தும். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத வண்ணம் சுத்திகரிக்கும் முறை இவ்வட்டாரப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்துள்ளது. உப்பு நீரைச் சவ்வு வழியே அழுத்தவும், எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்யவும் மிகுந்த ஆற்றல் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், பாலாற்றைக் கழுவிய அழுக்கு எண்ணூரில் சாம்பலாய் இறங்கிக் கொசத்தலையாற்றைச் சேரும். ஓர் ஆற்றைக் காக்க மற்றோர் ஆற்றைப் பலியிடுவது நடுவு நிலைமை ஆகாது. தூய நீருக்கே தூய மின்சாரம் தேவைப்படுகிறது.

அதற்குப் பொருள் யாரிடம் உள்ளது? 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய கூரைச் சூரிய மின்திட்டம் வீடொன்றுக்கு ரூ.78,000 வரை மானியம் தருகிறது. நல்ல திட்டமே. ஆனால் சொந்தக் கூரை உள்ளவர்க்கே அது பயன்படும். வாடகை வீட்டுத் தொழிலாளிக்கும் ஓலைக் குடிசைக்காரருக்கும் அந்தக் கதிரவன் மேலே காய்கிறான். மானியம் மட்டும் இறங்கி வருவதில்லை. உலக அரங்கிலும் இதே நிலைதான். 2024இல் பாக்கு நகர மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 இலட்சம் கோடி டாலர். செல்வ நாடுகள் முன்னின்று 2035க்குள் திரட்டித் தர இசைந்தது ஆண்டுக்கு 30,000 கோடி டாலர்.

இரு விளக்குகள்

இருளைப் பேசுவதோடு நிற்பது முறையன்று. மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006இல் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. சேமிப்பு ரூ.40 இலட்சம்; எஞ்சியது வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்று அக்கடனை அடைத்தது. ஊர்ப் பொதுப்பணம் ஊருக்கே ஒளி தந்தமைக்கு இது சான்று.

சவ்வாது மலையின் மறுபுறம் திருவண்ணாமலை. அங்குப் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் கரியெரித்துப் படும் பாட்டைக் கண்டு, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020இல் சுவீடன் நாட்டுச் சிறார் தட்பவெப்பப் பரிசு பெற்றார். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர் முன்னிலையில் பேசினார். அவர் பார்வை முதலில் விழுந்தது கரியின்மேல் அன்று, கரியைச் சுமந்த மனிதர்மேல். ஆயினும் அன்றாடக் கூலியில் வாழும் தொழிலாளி, கடனுதவியின்றி அத்தகைய வண்டியை எவ்வாறு வாங்குவார்? அறிவு ஒரு சிறுமியிடம் பிறக்கலாம். பொருளை ஊரும் அரசும் அன்றோ சேர்க்க வேண்டும்.

இளைஞர் யார்?

மேடையில் ‘இளைஞர்’ என்றதும் கல்லூரி மாணவரே நினைவுக்கு வருவர். இவ்வட்டாரத்தில் விடியற்காலையில் காலணி ஆலைப் பேருந்துக்குச் சோற்றுத் தூக்குடன் காத்து நிற்கும் பெண்ணும் இளைஞரே. கொதிகலனுக்கு விறகிடும் பையனும் இளைஞனே. ஆலை மாறும் நாளில் முதலில் அடுப்பணைவது இவர்கள் வீட்டில். கொதிகலன் போனால் அப்பையனுக்கு எந்த வேலை, எங்கே பயிற்சி, பயிலும் காலத்துக்கு யார் கூலி என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் நேர்மையான மாற்றம்.

கேட்க ஓர் இடமும் உண்டு. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் சட்டப்படி ஆலைகளுக்கும் விடுமுறை நாள்கள். பேருந்துக்குக் காத்து நிற்கும் அப்பெண் அன்று ஊரில்தான் இருப்பாள். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி ஆண்டுதோறும் கட்டும் மின்கட்டணம் எவ்வளவு? அதைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றக் கடன் எத்தனை ஆண்டில் அடையும்? கூரையற்றவருக்கும் பங்கு தரும் பொது மின்தகடு பள்ளிக் கூரையில் அமையுமா? இம்மூன்று வினாக்களையும் எழுந்து கேட்பதும், விடை பதிவேட்டில் ஏறும்வரை அமராதிருப்பதும் இளைஞர் கடமை.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கிணறு வற்றியபோதும் கசந்தபோதும் இவ்வட்டாரத்தில், ‘வேலையா, தண்ணீரா?’ என ஒரு கேள்வி எழுந்ததுண்டு. உழவரையும் தொழிலாளரையும் பிரித்த கேள்வி அது. நாளை, ‘வேலையா, தூய காற்றா?’ என அது வேடம் மாறி வரும். விடை பழந்தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் உரைக்கப்பட்ட கருப்பொருள்களில் நீரும் உண்டு, தொழிலும் உண்டு. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே நிலத்தின் உடைமைகளாய் நிற்கின்றன. ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பெறும் பண்டமாற்றைத் தமிழ் மரபு அறியாது.

அக்கேள்வியே பிழையென்று ஊருக்கு எடுத்துச் சொல்லக் கவிஞரால் இயலும். அதைச் சொல்லும் பாடல், விடுமுறை நாளில் கிராம சபைக்குச் செல்லும் அப்பெண்ணின் நாவில் ஏறுமானால், இவ்வட்டத்தின் பத்தாண்டு உழைப்புக்கு அதனினும் உயர்ந்த பரிசு வேறில்லை.