கேட்டால் கிடைக்கும்



புகையிலை மெல்லுபவர்களுக்கு வாயில் புற்றுநோய் வரலாம். ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். முற்றிவிட்டால் நிலம் போகும், நகை போகும், ஆளும் போகலாம்.

“முகாம் நடத்தலாம். பணத்துக்கு எங்கே போவது?” என்று சங்கத்துப் பெண்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

1975-76-இல் இந்திய அரசு புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2005-இல் அதைத் திருத்தியது. தொண்டு நிறுவனம் நடத்தும் முகாம் ஒன்றுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தது. மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக அந்தப் பணம் வந்தது. பெங்களூருவில் 1973-இல் தொடங்கிய கித்வாய் மருத்துவமனை அப்படி ஒரு மையம்.

2010-இல் சர்க்கரை நோய், இதய நோய், பக்கவாதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திட்டம் வந்தது. இன்று மாநில அரசு வழியாக மாவட்டத்துக்குப் பணம் வருகிறது. 30 வயது ஆனவர்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் வாய்ப் பரிசோதனை இலவசம். பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு.

ஆகவே, முகாமுக்காக ஊரில் வசூல் செய்ய வேண்டாம். ஆஷா பணியாளரைக் கேளுங்கள். “எங்கள் தெருவில் முகாம் வேண்டும்” என்று மருத்துவ அதிகாரிக்கு மனு எழுதுங்கள். தேதி போடுங்கள். எல்லோரும் கையெழுத்திடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதப் படித்தது எதற்கு? நமக்கு உரியதைக் கேட்டு வாங்கத்தானே!